இன்ஷா அல்லாஹ் வாறேன்

உயர்தரப் பரீட்சைக்காக நாங்கள் மூன்று பேர் கூடிப் படிக்கிறோம். ஒருத்தி கொட்டாஞ்சேனை, மற்ற இருவரும் வெள்ளவத்தை.

ஒரு ஞாயிறு மாலை நாலரைக்கு வெள்ளவத்தைத் தோழியின் வீட்டில் கூடுவதாக முடிவாயிற்று. கொட்டாஞ்சேனைத் தோழி காலையில் பூசைக்குப் போய், பின்னேரம் பஸ் மாறிச் சரியாக வந்துவிட்டாள். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். புதிய பாடம் தொடங்க வேண்டாம் என்றார் அந்த வீட்டு அம்மம்மா. நானோ போகவேயில்லை. மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உம்மாவின் சட்டம். அது தெரிந்தும் "இன்ஷா அல்லாஹ் வாறேன்" என்றிருந்தேன். பாவம், அவள் புத்தகம் திறக்காமலே திரும்பினாள்.

தொழுகையிலோ பூசையிலோ ராகு காலத்திலோ பிழையில்லை. பிழை என் நாவில். நாளைய காரியத்தைச் சொல்லும்போது இறைநாட்டத்தையும் சேர்த்துச் சொல்லும்படி அல்குர்ஆன் கற்பிக்கிறது. வர எண்ணியவள் சொல்லும் சொல் அது. வரமாட்டேன் என்பதை மூடும் போர்வையாக்கியவள் நான்.

1996இல் இலங்கையின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். 2006இல்தான் பழைய நேரம் திரும்பியது. அக்காலத்தில் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத்தான் கலியாணத்துக்கும் போவார்களாம், வாப்பா சொல்வார். கேட்டதால் யாரும் குறைந்துபோகவில்லை.

நாங்களும் கேட்டோம். இப்போது ஞாயிறு இரண்டு மணிக்கே கூடுகிறோம்.

பெற்றோரே, பிள்ளை "ஏலாது" என்றால் மரியாதையில்லை என்று ஏசாதீர்கள். அச்சொல்லை நான் நேரத்துக்குச் சொல்லியிருந்தால், ஒருத்தியின் ஞாயிறு வீணாகியிராது.