குழந்தை வளரும், செயற்கைக் கால் வளராது

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள். அன்றைக்கு ஊருக்கு ஊர் ஒரே மாதிரி ஒரு படம் எடுப்பார்கள். பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர், நடுவில் சால்வை போர்த்திய பெரிய மனிதர், அவர் பக்கத்தில் புதிதாகச் செயற்கைக் கால் மாட்டிய ஒரு குழந்தை. நாமும் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தக் கால் அந்தக் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பல நேரம் பொருந்தாது. ஏனென்றால் குழந்தை வளர்ந்திருக்கும், கால் வளர்ந்திருக்காது.

தோழர்களே, நான் சொல்லவருவது இவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு ஒரு செயற்கைக் கால் கொடுப்பது உதவி. அது வளர வளர அடுத்தடுத்த காலைத் தடையில்லாமல் கிடைக்கச் செய்வதுதான் உரிமை. முதலாவதற்குப் பேனர் வைக்கும் சமூகம் இரண்டாவதைப் பேசுவதே இல்லை. அந்த மௌனத்தின் விலையை அதிகம் கொடுப்பவை நம் சேரிகளின், நம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் குழந்தைகள்.

முதலில் காலைப் பற்றிப் புரிந்துகொள்வோம். வெட்டப்பட்ட அல்லது பிறவியிலேயே வளராத காலின் மீதிப் பகுதியை ‘ஸ்டம்ப்’ என்கிறார்கள். அது போய் உட்காரும் கிண்ணம் ‘சாக்கெட்’. செயற்கைக் காலின் உயிர் சாக்கெட்டில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு கால் சில ஆண்டுகள் உழைக்கும். குழந்தைக்கு அப்படி இல்லை. ஐந்து வயதுவரை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று, பன்னிரண்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒன்று, அதன்பின் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு குழந்தை பெரியவராவதற்குள் எட்டுப் பத்துக் கால் ஆகிறது. நடுவே சாக்கெட் மாற்றுவது, உயரம் கூட்டுவது, பட்டை தைப்பது எல்லாம் தனி. எலும்பின் குறுக்கே வெட்டப்பட்ட காலில், குழந்தை வளரும்போது எலும்பின் நுனியும் வளர்ந்து தோலைக் குத்தும். அதற்கு மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

இது சும்மா உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கான கணக்கு. நம் பிள்ளைகள் அப்படியா? படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கும், ஓட்டைச் சுவரில் ஏறும், தாழ்வாரத்தில் கிரிக்கெட் ஆடும். நன்றாக ஓடியாடும் குழந்தைக்குக் கால் சீக்கிரம் தேயும். சித்திரை வெயிலில் வியர்த்துச் சாக்கெட் வழுக்கும், தோல் கொப்பளிக்கும். ஐப்பசி மழையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் தண்ணீர் நின்றால் கால் நனையும், ஈரத்தோடு போட்டால் புண் வரும். கால் சீக்கிரம் கெட்டுப்போனால் குழந்தை அதை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது என்றுதான் பொருள். “போன வருஷம்தானே குடுத்தோம், அதுக்குள்ள உடைச்சிட்டானா?” என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அரசின் விதிகளுக்கு இது தெரியாமல் இல்லை. ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. குடும்ப மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுச் செலவையும் ஏற்கும் திட்டம் அது. ஒருமுறை உதவி பெற்றவர் அதே உபகரணத்துக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அந்த இடைவெளி ஓராண்டுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 17இல், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவருக்கு 18 வயதுவரை உதவி உபகரணங்களை இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆக, காகிதத்தில் கால் வளர்கிறது. தரையில்தான் வளர்வதில்லை.

ஏன் என்று பார்க்க, தாம்பரத்தில் இருந்து ஒரு குடும்பத்தோடு புறப்பட்டுப் பாருங்கள். அரசு வழியாகப் போவதென்றால் வடக்கே கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், அல்லது கிழக்கே கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு நிப்மெட். சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாவுக்கும் குழந்தைக்கும் டிக்கெட் இல்லை, சரி. ஆனால் ஒரே நாளில் முடிகிற வேலையா இது? மாவுக்கட்டு வைத்து அளவெடுக்க ஒரு நாள், பொருத்திப் பார்க்க ஒரு நாள், திருத்த ஒரு நாள், நடைப்பயிற்சிக்குச் சில நாட்கள். ஒவ்வொரு நாளும் அம்மாவின் ஒரு நாள் கூலி. வீட்டு வேலை செய்பவராக இருந்தால் நான்காவது லீவுக்கு வேலையே போகும். அதற்கு முன்பே சாதிச் சான்று, வருமானச் சான்று, மருத்துவக் குழுவின் ஊனச் சான்று, அடையாள அட்டை என்று அலைந்த கால்கள் அவை. இதையெல்லாம் ஆண்டுதோறும் செய் என்றால் எந்தத் தினக்கூலிக் குடும்பத்தால் முடியும்?

பெரும்பாக்கம் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் சொன்னது: “அக்கா, கால் டைட்டா ஆயிடுச்சின்னு சொல்லவே மாட்றான். சொன்னா சரியாவுற வரைக்கும் நான் வெளையாட வுட மாட்டேன்னு அவனுக்குத் தெரியும்.” ஏழு வயதுப் பையன். வலியை மறைத்துக்கொண்டு விளையாடுகிறான். வலியா விளையாட்டா என்று ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நம் ஏற்பாட்டின் லட்சணம்.

பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் காலைக் கழற்றியதும் ஸ்டம்பைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு பத்து இருபது நிமிடத்தில் மறையவில்லை என்றால் சாக்கெட்டில் கோளாறு. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் கால் குட்டையாகிவிட்டது. தினமும் பருத்தி உறை மாற்ற வேண்டும். இது எதுவும் கடினமில்லை. யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான். முகாம் மேடையில் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

அடுத்தது பள்ளி. இந்தக் குழந்தைகளுக்குப் பி.டி. பீரியடில் என்ன வேலை தெரியுமா? மற்றப் பிள்ளைகளின் செருப்புக்கும் பைக்கும் காவல். “பாவம், விழுந்துட்டா யார் பதில் சொல்றது?” என்பார்கள். அக்கறை மாதிரிதான் தெரியும். ஆனால் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடின்றிச் சேர்த்து, மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. தனியார் பள்ளியும் இதில் அடக்கம். செருப்புக்குக் காவல் வைப்பது இந்தப் பிரிவுக்கு எதிரானது. விழுவதும் எழுவதும் எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதான். முட்டியில் சிராய்ப்பு இல்லாத குழந்தைப் பருவம் உண்டா?

மாரியப்பன் தங்கவேலுவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இந்தக் கதையில் நாம் பதக்கத்தைப் பார்க்கிறோம். நான் பார்க்கச் சொல்வது இரண்டை. ஒன்று, அவரை ஓரத்தில் உட்காரவைக்காமல் மைதானத்தில் இறக்கிவிட்ட உடற்கல்வி ஆசிரியர். இரண்டு, செங்கல் சுமந்து, காய்கறி விற்றுப் பிள்ளையை வளர்த்த அவருடைய அம்மா. பல ஆண்டு வழக்குக்குப் பின் அந்தக் குடும்பத்துக்கு வந்த இழப்பீடு 2 லட்சம் ரூபாய். அதில் 1 லட்சம் வக்கீல் செலவுக்கே போயிற்று.

1981இல் திருச்சி அருகே விபத்தில் சிக்கிக் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மீண்டும் பரதநாட்டியம் ஆடிய சுதா சந்திரனையும் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சாதனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பதக்கம் வாங்காத, மேடை ஏறாத, சாதாரணமாக ஓடிப்பிடித்து விளையாட மட்டும் ஆசைப்படும் பிள்ளையை இந்தக் கதைகளுக்குள் எங்கே வைப்பது? சாதித்தால்தான் மதிப்பு என்பது நமக்குப் பழகிய பாட்டு. தலித் பிள்ளையிடமும் இதைத்தானே சொல்கிறார்கள்: ‘நீ கலெக்டர் ஆகிக் காட்டு, அப்புறம் மதிக்கிறோம்’ என்று.

இங்கேதான் சாதியும் ஊனமும் கைகோக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மாற்றுத்திறனாளிகளின் விகிதம் பட்டியல் சாதியினரிடையே 2.45 விழுக்காடு, பட்டியலில் இல்லாத பிறரிடையே 2.18. சத்துக்குறைவு, ஆபத்தான வேலை, தாமதமாகக் கிடைக்கும் மருத்துவம் இவையெல்லாம் உடலில் எழுதும் கணக்கு இது. ஆனால் ஊர் என்ன சொல்கிறது? ‘போன ஜென்மத்துப் பாவம்’. சேரியில் பிறந்ததற்கும் அதே காரணம், காலில்லாமல் பிறந்ததற்கும் அதே காரணம். கர்மக் கணக்கை ஏற்றுக்கொண்டால் மிஞ்சுவது தர்மம், அதாவது பிச்சை. பிச்சையைக் கணக்குக் கேட்க முடியாது. உரிமையைக் கேட்கலாம். அதற்குத்தான் அம்பேத்கர் நம்மைச் சட்டத்தின் பக்கம் திருப்பினார்.

இடத்தையும் பாருங்கள். நகரத்துக்குள் இருந்த நம் மக்களைப் பெயர்த்துக் கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள் என்று அடுக்கினார்கள். அதன்பின் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். அங்கே லிஃப்ட் நின்றுபோனால் ஏழாவது மாடியில் உள்ள குழந்தை சாக்கெட் உரசப் படியேறும், அல்லது அம்மா இடுப்பில் ஏறும். அல்லது கீழேயே இறங்காது.

சட்ட வழியில் நமக்குச் சாதகமாகச் சில உண்டு. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விபத்தில் காலை இழந்த ஒருவரின் வழக்கில், செயற்கைக் கால் ஐந்தாறு ஆண்டுதான் உழைக்கும் என்பதைக் கணக்கில் எடுத்து, மாற்றும் செலவையும் பராமரிப்புச் செலவையும் சேர்த்து இழப்பீட்டை உயர்த்தியது. பெரியவருக்கே அந்த நியாயம் என்றால் குழந்தைக்கு எத்தனை மடங்கு? 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவையும் படியுங்கள். மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டுவரை சிறை. நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மொழியே அதில் ஒலிக்கிறது. ‘நொண்டி’ என்று கூப்பிடுகிறவருக்கு இது தெரியட்டும்.

கேட்க வேண்டியவை என்ன? தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் ஒரு நிரந்தரப் பழுதுபார்க்கும் பட்டறை. முகாம் வேண்டாம், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் பட்டறை வேண்டும். போர் தின்ற யாழ்ப்பாணத்திலேயே 1980களின் இறுதியிலிருந்து ஜெய்ப்பூர் நிலையம் மக்கள் இருக்கும் ஊரில் இயங்குகிறது. மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மாநகராட்சியில் இது முடியாதா? 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் நம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தனித் தலைப்பு வேண்டும். அளவெடுக்க வரும் பெற்றோருக்கு அன்றைய கூலி வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்காரவும் கழிப்பறையில் குந்தவும் ஏற்ற கால் வேண்டும். அப்படிப்பட்ட பாதத்தை 1968இலேயே ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் செய்து காட்டிவிட்டார்கள்.

மாணவத் தோழர்களுக்கு உடனே செய்ய வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், கடைசியாகக் கால் கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். ஓராண்டு முடிந்ததும் அடுத்த விண்ணப்பத்தை நீங்கள் எழுதிக்கொடுங்கள். அளவெடுக்கும் நாளில் அம்மாவுக்குப் பதில் நீங்களோ உடன் ஒருவரோ போக முடியுமா பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பி.டி. பீரியடைப் பற்றிக் கேளுங்கள். மாவட்டத்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைக்கு இரண்டாவது கால் கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். முதல் காலின் எண்ணிக்கையை அவர்களே விளம்பரம் செய்வார்கள். இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும்.

கடைசியாக நமக்குள் ஒரு கேள்வி. நம் வாசிப்பு வட்டங்கள் பெரும்பாலும் மாடி அறையில் நடக்கின்றன. ஏப்ரல் 14 ஊர்வலத்தில் ஊன்றுகோலோடு வருபவரின் வேகத்தில் எத்தனை பேர் நடக்கிறோம்? சமத்துவம் பேசும் இயக்கம் தன் படிக்கட்டிலிருந்து தொடங்கட்டும்.

ஜெய்பீம்.