மாண்டவரை வணங்குகிறோம், மீண்டவரை என்ன செய்கிறோம்?



ஆண்டுதோறும் சூலை 31-ஆம் நாளை நம் நாடு வீரர் தினமாகப் போற்றுகிறது. பினாங்கு எஸ்பிளனேட் திடலில் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தின் முன் மாண்டவர்களை நினைத்துத் தலை வணங்குகிறோம். நல்லதே. ஆனால், சீருடையைக் களைந்துவிட்டு வேலை தேடி அலையும் மீண்டவர்களைப் பற்றி நாம் எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணப் படைவீரர் ஒருவர் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். 18 வயதில் சேர்ந்தவர் 39 வயதில் வெளியேறுகிறார். அதே வயதுடைய ஆசிரியருக்கு இன்னும் இருபது ஆண்டுப் பணி எஞ்சியிருக்கும். அந்த வீரரின் பிள்ளைகளோ நம் வகுப்பறையில்தான் அமர்ந்திருப்பார்கள். 21 ஆண்டுகள் நிறைவடையுமுன் விலகியவருக்குப் பொதுவாக அந்த ஓய்வூதியமும் இல்லை. இத்தகையோருக்கு நம் சமுதாயம் உடனே நினைத்துப் பார்க்கும் வேலை எது? 'ஜாகா' வேலை! பாதுகாவலர் பணி இழிவானதன்று. ஆயினும், இராணுவப் பணிமனையில் கனவுந்துகளைப் பழுதுபார்த்தவரையும், வானொலித் தொடர்பில் தேர்ந்தவரையும், கிடங்கைக் கட்டியாண்டவரையும் ஒரே நுழைவாயிலில் நிறுத்திவிடுவது அறிவுடைமையாகுமா?

மலாயாத் தமிழருக்கு இது புதிய சிக்கலன்று. 1943-இல் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாகச் சேர்ந்தனர். நம் பினாங்கிலும் இராகவன் அவர்களின் பொறுப்பில் சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று இயங்கியது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது; படையும் கலைந்தது. திரும்பி வந்தவர்களை வரவேற்று வேலையில் அமர்த்த இங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் எதிர்த்துப் போரிட்ட பிரித்தானியரே மீண்டும் ஆட்சியில் அமர்ந்தனர். துப்பாக்கி ஏந்திய கைகள் பல மறுபடியும் பால்வெட்டும் கத்தியைத்தான் பிடித்தன.

அதே படையின் ஜான்சி ராணிப் பிரிவில் பதின்ம வயதில் சேர்ந்து பர்மா வரை சென்றவர் ராசம்மா பூபாலன். போருக்குப் பின் அவர் கல்வியைத் தொடர்ந்தார்; ஆசிரியரானார்; கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1960-இல் பெண்ணாசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்து, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். படையில் பெற்ற துணிவு அவருக்குப் பொதுவாழ்வில் பயன்பட்டது. அத்துணிவுக்கு வழி திறந்துவிட்டது கல்வியே என்பது என் துணிபு. தோட்டத்துக்குத் திரும்பியவர்களுக்குத் துணிவு குறைவா? இல்லை. வழிதான் இல்லை.

இதை ஓர் அரசு திட்டமிட்டே செய்ததற்கும் சான்றுண்டு. அமெரிக்கா 1944-இல், போர் முடியுமுன்னரே, திரும்பிவரும் வீரர்களின் மறுவாழ்வுக்குச் சட்டம் இயற்றியது. ஏறக்குறைய 78 இலட்சம் பேர் அச்சட்டத்தின் வழி கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தனர். அதன் பயன் எல்லா இனத்தவர்க்கும் சமமாகக் கிட்டவில்லை. கறுப்பின வீரர்கள் பலர் புறக்கணிக்கப்பட்டனர். சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கடைசி மனிதரிடம் அது சென்றடைகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே பாடம்.

நம் நாட்டிலும் 2012-ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் இருக்கிறது. முன்னாள் வீரர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கப் பெர்ஹெபாட் கழகம் இருக்கிறது. அனுபவத்தால் கைவந்த தொழிலை மதிப்பிட்டு, மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறையும் இருக்கிறது. பிறகு எங்கே தடை?

தடை பெரும்பாலும் மொழியில் இருக்கிறது என்பேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் எல்லாரும் படித்தோம். முன்னாள் வீரருக்கும் அதுவே பொருந்தும். அவருக்குத் தெரிந்தவை ஏராளம். 'நாற்பது பேருக்கு மூன்று மாத உணவுப்பொருளைக் கணக்கிட்டு அனுப்பினேன்' என்பது அவருக்கு அன்றாட வேலை. முதலாளிக்கு அது கிடங்கு மேலாண்மை. இவ்விரண்டையும் இணைத்து எழுதிக்கொடுக்க ஆளில்லை. கட்டளைக்குப் பணிந்தே பழகியவருக்கு, நேர்முகத் தேர்வில் தம்மைத் தாமே எடுத்துரைப்பதும் எளிதன்று.

எழுத்தும் பேச்சும் யாருடைய தொழில்? நம்முடையதல்லவா! பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். வட்டாரத்து முன்னாள் வீரர்களை அழைப்போம். அவர்கள் செய்த வேலைகளைக் கேட்டறிந்து தன்விவரக் குறிப்பு எழுத உதவுவோம்; திறன் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை உடனமர்ந்து நிரப்புவோம். பட்டறையோ கடையோ நடத்தும் பெற்றோர்கள் அன்று நேரில் வந்து பேசட்டும். முதலுதவி, கயிற்று முடிச்சு, அணிநடை ஆகியவற்றைப் புறப்பாட வேளையில் மாணவருக்குக் கற்பிக்க அவர்களைத் தக்க ஊதியம் கொடுத்தே அழைப்போம். இலவசமாக வாங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்தி அனுப்பும் பழக்கம் இங்கே வேண்டா.

பொன்னாடை ஒருநாள் மதிப்பு. வேலை ஒரு குடும்பத்தின் மதிப்பு. அடுத்த வீரர் தினத்திற்குள் ஒரு பள்ளி ஒரே ஒருவரை வேலையில் அமர்த்தினாலும் போதும். உங்கள் பள்ளி அதைச் செய்யுமா? எண்ணிப் பாருங்கள்.