ஆண்மைக்கு எத்தனை மார்க்?

முதலில் ஒரு சின்ன டெஸ்ட். பேனா வேண்டாம், மனசுக்குள் பதில் சொன்னால் போதும்.

எண்ணெயில் போட்டுச் சமைப்பதற்கு என்ன பெயர்? வேகவைப்பதா, தணலில் வாட்டுவதா, பொரிப்பதா, அடுப்புக்குள் வைத்துச் சுடுவதா?

'பொரிப்பது' என்றுதானே சொன்னீர்கள்? ரொம்ப சரி. அதனால் உங்களுக்குப் பெண்மைக் கணக்கில் ஒரு மார்க். மற்ற மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் தப்பான விடைதான். ஆனால், ஆண்மைக் கணக்கில் ஒரு மார்க் ஏறியிருக்கும். கல் நிலக்கரி எந்த மாகாணத்திலிருந்து அதிகம் வருகிறது என்று இன்னொரு கேள்வி. அதற்கு 'பென்சில்வேனியா' என்று சரியாகச் சொன்னால் ஆண்மை. ஆக, அடுப்பைப் பற்றித் தெரியாதவனும், அடுப்புக்குப் போடும் கரியைப் பற்றித் தெரிந்தவனும்தான் ஆம்பிளை!

இது ஏதோ பொழுதுபோகாத ஆள் தயாரித்த புதிர் என்று நினைத்துவிடாதீர்கள். தயாரித்தவர் லூயிஸ் டெர்மன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். ஐ.க்யூ. டெஸ்ட்டை 1916-ல் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றபடி செய்துகொடுத்தாரே, அவரேதான். காதரின் காக்ஸ் மைல்ஸ் என்ற பெண் உளவியலாளரோடு சேர்ந்து 1936-ல் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். ஆண்மை, பெண்மையை அளக்கிற டெஸ்ட் அதில் இருந்தது. நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள். எதை அளக்கிறோம் என்று எழுதுகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, கேள்வித்தாளின் தலைப்பில் 'மனப்பான்மை, ஆர்வங்கள்' என்று பூசி மெழுகியிருந்தார்கள்.

மார்க் போட்ட விதம் இன்னும் விசேஷம். ஏராளமான பள்ளிப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் கேள்விகளைக் கொடுத்தார்கள். ஆண்கள் ஒரு மாதிரியும் பெண்கள் வேறு மாதிரியும் பதில் சொன்ன கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் குப்பைத்தொட்டிக்கு. அப்புறம் அதே கேள்விகளை உங்களிடம் நீட்டி, 'பார்த்தாயா, ஆணும் பெண்ணும் எவ்வளவு வேறு!' என்கிறார்கள். சல்லடையில் கல்லை மட்டும் அரித்து எடுத்துவிட்டு, 'இந்த மூட்டை முழுக்கக் கல்' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதே டெர்மன் அடுத்த வருடமே, 1937-ல், தன் ஐ.க்யூ. டெஸ்ட்டைத் திருத்தி வெளியிட்டார். அங்கே என்ன செய்தார் தெரியுமா? பையன்களுக்கும் பெண்களுக்கும் பெரிய மார்க் வித்தியாசம் காட்டிய கேள்விகளைத் தூக்கிவிட்டார். அவை நியாயமானவை அல்ல என்று காரணம். ஒரே மனிதர். ஒரு டெஸ்ட்டில் வித்தியாசம் வந்தால் கேள்வி தப்பு. இன்னொன்றில் வித்தியாசம் வராவிட்டால் கேள்வி தப்பு. முடிவை முதலில் எழுதிவிட்டுக் கேள்வியைப் பின்னால் தேடுவதற்கு அறிவியல் என்று பெயர் வைத்தால், நம்ம ஊர் ஜோசியர்களை எதற்குத் திட்டுகிறோம்?

டெஸ்ட் எழுதியவர்களின் மார்க்குகளே அவரைக் கேலி செய்தன. படித்த பெண்களும் விளையாட்டு வீராங்கனைகளும் ஆண்மைப் பக்கம் சாய்ந்தார்கள். பாதிரியார்களும் ஓவியர்களும் பெண்மைப் பக்கம் போனார்கள். படிப்பும் தொழிலும் மாறினால் மார்க்கும் மாறுகிறது என்றால், அளந்தது எதை? 1930-களில் ஓர் அமெரிக்க வீட்டில் யாருக்கு எந்த வேலை கொடுத்தார்கள் என்பதை. இதைப் புரிந்துகொள்ள மனோதத்துவப் பட்டம் தேவையில்லை.

பழைய கதையை எதற்கு இப்போது கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விகள் சாகவில்லை, அதனால்தான். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1943-ல் தயாரான எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைப் பரிசோதனைக்குள் சில குடிபுகுந்தன. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளிலும் ஆபீஸ்களிலும் ஓடிய டெஸ்ட் அது. அதில் ஆண்மை-பெண்மை என்று தனியாக ஓர் அளவுகோல். ஆண்களில் 'கோணல்' எது என்று முடிவு செய்ய அவர்கள் எத்தனை தன்பாலீர்ப்பு ஆண்களை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? 13 பேர். ஒரு ஷேர் ஆட்டோவில் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தால் ஏற்றிவிடலாம். 2008-ல் வந்த மறுசீரமைப்புப் பதிப்பில்தான் அந்த அளவுகோல் இல்லாமல் போனது.

கேள்வித்தாளோடு போயிருந்தால்கூட சிரித்துவிட்டு விட்டுவிடலாம். அது வீட்டுக்குள் நுழைந்த கதைதான் என்னால் தாங்க முடியாதது.

1970 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஓர் அம்மா. ஐந்து வயதுகூட நிறையாத மகன் பொம்மை வைத்து விளையாடுகிறான், பெண் பிள்ளை மாதிரி நடக்கிறான். ஒருநாள் டி.வி.யில் ஒரு நிபுணர் தோன்றி, எந்தெந்த அறிகுறி இருந்தால் பையனைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று பட்டியல் படிக்கிறார். அம்மா பயந்துபோய்க் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், ஜார்ஜ் ரெக்கர்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவரும் இவார் லோவாஸ் என்ற பேராசிரியரும் 'சிகிச்சை' செய்தார்கள். அறையில் ஒரு பக்கம் பொம்மையும் கவுனும், இன்னொரு பக்கம் துப்பாக்கியும் சிப்பாய்களும். அம்மாவின் காதில் ஒரு கருவி. பையன் துப்பாக்கியை எடுத்தால் சிரிக்க வேண்டும், பொம்மையை எடுத்தால் கவனிக்காத மாதிரி இருக்க வேண்டும். எப்போது எது என்று காதுக்குள் உத்தரவு வரும்.

வீட்டில் நீல வில்லை, சிவப்பு வில்லை. ஆம்பிளைத்தனமாக நடந்தால் நீலம், அதைக் கொடுத்தால் மிட்டாய். பெண்தனமாக நடந்தால் சிவப்பு. சிவப்பு சேர்ந்தால் தண்டனை. அப்பா கையால் அடியும் அதில் உண்டு. தம்பி அடி வாங்கக்கூடாதென்று அண்ணன், சில சிவப்பு வில்லைகளை எடுத்துத் தன் பங்கில் வைத்துக்கொண்டானாம். அந்த வீட்டில் மனோதத்துவம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1974-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பையனுக்குக் 'கிரெய்க்' என்று புனைபெயர். சிகிச்சை தொடங்கி மூன்று வருடம் கழித்துப் பார்த்ததில் எல்லாம் நார்மல் ஆகிவிட்டது என்று எழுதினார்கள். (தன்பாலீர்ப்பு நோயல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முடிவெடுத்தது 1973 டிசம்பரில்!) ரெக்கர்ஸ் இந்த 'வெற்றி'யைப் பல வருடம் மேற்கோள் காட்டிப் பெரிய ஆளானார். அந்தப் பையன் 2003-ல், 38 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் சொல்வது நியாயமில்லை. ஆனால் 2011-ல் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் டி.வி.யில் பேசினார்கள். அந்தச் சிகிச்சைதான் அவரை உடைத்தது என்றார்கள். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை அதன்மேல் ஒரு கவலைக் குறிப்பைச் சேர்த்தது 2020-ல். நாற்பத்தாறு வருடம்! அதுவும் குறிப்புதான், வாபஸ் இல்லை.

'அதற்காக ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லை என்கிறாயா?' என்று ஒரு வாசகர் கேட்கத்தான் போகிறார். இல்லை சார். சராசரியில் சில வித்தியாசங்கள் இருக்கலாம். சராசரி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி, உங்கள் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு அல்ல. ஆண்மை ஏறினால் பெண்மை இறங்கும், இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டு என்பதற்கு ஆதாரம் எங்கே என்று 1973-ல் ஆன் கான்ஸ்டன்டினோப்பிள் என்ற ஆய்வாளர் நேருக்கு நேர் கேட்டார். அடுத்த வருடம் சாண்ட்ரா பெம் என்பவர் இரண்டையும் தனித்தனியாக அளக்கும் பட்டியல் ஒன்றைப் போட்டார். துணிச்சலும் கனிவும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதுதான் விஷயம். நம் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுசா என்ன? பெம் அப்போது வேலை பார்த்தது எங்கே தெரியுமா? டெர்மன் இருந்த அதே ஸ்டான்ஃபோர்டில். அவருக்கு நிரந்தர வேலை தர அந்தப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது என்பது உபரித் தகவல்.

பெம் தன் மகனைப் பற்றி எழுதியது ஒன்று உண்டு. பையன் ஹேர் கிளிப் போட்டுக்கொண்டு நர்சரிக்குப் போனான். 'நீ பொண்ணு, பொண்ணுங்கதான் கிளிப் போடுவாங்க' என்றான் இன்னொரு பொடியன். இவன் கடைசியில் கால்சட்டையை இறக்கியே காட்டிவிட்டான். அதற்கு அந்தப் பொடியன், 'அது எல்லாருக்கும் இருக்கும், கிளிப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான்' என்றானாம்! நாலு வயசுக்குள் உடம்பைவிடக் கிளிப்பை நம்பக் கற்றுக்கொடுத்தது யார்? அவன் டெர்மன் டெஸ்ட் எழுதியதில்லை. வீட்டில்தான் எழுதியிருக்கிறான், தினமும்.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்களின் வழக்கு வந்தது. அவர்கள் காதலித்து வீட்டைவிட்டு வந்தவர்கள், பெற்றோர் காணோம் என்று புகார் கொடுத்திருந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே பிடிபடவில்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகு, பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னார். கவனியுங்கள், கவுன்சலிங்குக்குப் போனது அந்தப் பெண்கள் மட்டும் இல்லை, நீதிபதியும்தான்.

நீங்கள் நல்ல பெற்றோர்தான், சந்தேகமில்லை. அந்த லாஸ் ஏஞ்சலிஸ் அம்மாவும் நல்லவர்தான். மகன் செப்பு வைத்துச் சோறாக்கி விளையாடுகிறான், மகள் மரம் ஏறுகிறாள், 'எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமே' என்று யாராவது கேள்வித்தாளை நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். இந்தக் கேள்விகளை எந்த வருடம், எந்த ஊரில், யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? எத்தனை பேரை? மார்க் குறைந்தால் என் பிள்ளையை என்ன செய்வதாக உத்தேசம்? பதில் வரும்வரை பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கட்டும். சோறு வெந்ததும் உங்களையும் சாப்பிடக் கூப்பிடுவான்.