வாய்ச்சொல்லும் கையெழுத்தும்

தொழிற்சங்கப் பத்திரிகையின் தலையங்கத்தில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பெரட்டுக்களத்திலும் ஒட்டுக்கடையிலும் நம்மவர் பேசும் பேச்சில் பாதி பந்து விளையாட்டைப் பற்றியதுதான் என்பதை நாம் அறிவோம். யார் எத்தனை கோல் போட்டார் என்பது நம் இளைஞர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஆட்டக்காரரும் ஒரு நிர்வாகத்திடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவரே என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே, லியோனல் மெஸ்ஸிக்கும் பார்சிலோனா கழகத்துக்கும் 2020-ஆம் ஆண்டில் உலகறிய நடந்த ஒப்பந்தத் தகராறை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

மெஸ்ஸிக்காகக் கண்ணீர் விடும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. 2017-இல் அவர் போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு நான்கு ஆண்டுக்கு 555 மில்லியன் யூரோவுக்கு மேல் என்று ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகையொன்று 2021 ஜனவரியில் வெளியிட்டது. அவர் வீட்டு உலை கொதிக்காமல் போய்விடவில்லை. ஆனால் உலகிலேயே தலைசிறந்த ஆட்டக்காரன் என்று பெயரெடுத்த ஒருவரே ஒரு தேதியில் இடறி விழுந்தார் என்றால், வெட்டுக்கத்தியை நம்பிப் பிழைக்கும் நாம் அதைக் கவனிக்காமல் இருக்கலாமா?

கதை ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. அர்ஜெண்டினாவின் ரொசாரியோ நகரிலிருந்து 13 வயதுச் சிறுவன் பார்சிலோனாவுக்கு அழைத்து வரப்பட்டான். உடல் வளர்ச்சிக் குறைவுக்கு ஊசி மருந்து தேவைப்பட்ட பையன். எடுத்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்ன கழகம், மாதக்கணக்கில் ஒன்றும் செய்யவில்லை. பையனின் தகப்பனார் பொறுமையிழந்தார். 2000 டிசம்பர் 14-ஆம் தேதி, ஒரு டென்னிஸ் மன்றத்தில் உட்கார்ந்திருந்த கழக அதிகாரி கார்லஸ் ரெக்ஸாக், கைதுடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்து, இந்தப் பையனை எடுத்துக்கொள்ள என் பொறுப்பில் சம்மதிக்கிறேன் என்னும் கருத்தில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் 2024 மே மாதம் ஏலத்தில் 762,400 பவுனுக்கு விலைபோயிற்று. நமக்கு அந்த விலை முக்கியமல்ல. எழுதிக் கொடுத்தால்தான் நம்புவேன் என்று ஒரு தொழிலாளியின் தகப்பன் நின்றானே, அதுதான் முக்கியம்.

இருபது ஆண்டு சென்றது. மெஸ்ஸிக்கு வயது 33. பந்து விளையாட்டில் அது மூத்த வயது. 2020 ஆகஸ்டு 14-ஆம் தேதி பாயர்ன் மியூனிக் கழகத்திடம் பார்சிலோனா எட்டுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. பதினொரு நாள் கழித்து, ஆகஸ்டு 25-இல், கழகத்தை விட்டுப் போகிறேன் என்று மெஸ்ஸி எழுத்தில் அறிவித்தார். ஸ்பெயினில் 'புரோபேக்ஸ்' என்பார்கள். என்ன எழுதினோம், எந்த நாளில் கொடுத்தோம் என்பதற்கு அஞ்சல் நிலையமே சாட்சியாக நிற்கும் கடிதம் அது.

ஒப்பந்தம் 2021 ஜூன் 30 வரை இருந்தது. ஆனாலும் பருவ முடிவில் அவர் விரும்பினால் இலவசமாக வெளியேறலாம் என்ற ஷரத்தும் அதில் இருந்தது. அப்படியானால் தகராறு எங்கே? அறிவிப்பை ஜூன் 10-ஆம் தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்றது கழகம். தேதி கடந்துவிட்டது, இனி எவனாவது உன்னை அழைத்துப் போக விரும்பினால் 700 மில்லியன் யூரோவை வைத்துவிட்டு அழைத்துப் போகட்டும் என்றது. ஆகஸ்டு 30-இல் லீக் நிர்வாகமும் கழகத்தின் பக்கமே பேசிற்று.

அந்த ஜூன் 10 எப்படிப்பட்ட நாள் என்பதைத் தோழர்கள் பார்க்க வேண்டும். கொரோனா நோயினால் மார்ச்சில் நிறுத்தப்பட்ட ஆட்டங்கள் ஜூன் 11-இல்தான் மறுபடி தொடங்கின. பருவம் முடிந்ததாகக் கருதி எழுதப்பட்ட தேதியில், பருவத்தின் மீதி ஆட்டங்கள் தொடங்கவேயில்லை! ஷரத்தின் நோக்கம் பருவ முடிவு. பருவம் முடிந்ததோ ஆகஸ்டில். நியாயம் மெஸ்ஸியின் பக்கம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் தாளில் நோக்கம் எழுதப்பட்டிருக்கவில்லை, தேதி எழுதப்பட்டிருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு வரிக் கடிதம் கொடுத்திருந்தால் இவ்வளவும் இல்லை. ஏன் கொடுக்கவில்லை? செப்டம்பர் 4-இல் வெளியான பேட்டியில் அவரே காரணம் சொன்னார். போவதா இருப்பதா என்பதைப் பருவ முடிவில் நீயே முடிவு செய்துகொள்ளலாம் என்று கழகத் தலைவர் எப்போதும் சொல்லிவந்தார். பிறகு சொன்னபடி நடக்கவில்லை என்றார். காகிதத் துண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாழ்க்கையைத் தொடங்கியவர், கடைசியில் வாய்ச்சொல்லை நம்பினார்.

நம்மிடமும் இது நடந்ததுண்டு. நாம் முன்பு கணக்கெழுதிய ஒரு தோட்டத்தில், முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டிய பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றார். மகள் கல்யாணம் முடியும்வரை லயத்து வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மானேஜர் அவரிடம் நம் மேசைக்கு முன்னால் நின்றுதான் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நாம் இன்றும் நினைக்கவில்லை. நாலு மாதத்தில் அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பைலைப் புரட்டினார், பைலில் ஒன்றுமில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நம் கைதான். பெரியவர் அதை வாங்கிக்கொண்டு, நீங்களும் கேட்டீர்கள் அல்லவா கிராணி ஐயா என்று மட்டும் கேட்டார். கேட்டோம். மானேஜர் சொன்ன அன்றே அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். ஆபீசில் தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது. நமக்குத் தோன்றவில்லை.

மெஸ்ஸி கோர்ட்டுக்குப் போகவில்லை. வாழ்வு கொடுத்த கழகத்தின்மேல் வழக்குப் போட மாட்டேன் என்று சொல்லி, மனமில்லாமல் இன்னும் ஓராண்டு ஆடினார். நன்றியுணர்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த நன்றிக்கு என்ன பதில் கிடைத்தது? அந்தத் தலைவர் 2020 அக்டோபரில் பதவி விலகினார். 2021 ஜூன் 30-இல் ஒப்பந்தம் முடிந்தது. இப்போது மெஸ்ஸி இருக்கவே விரும்பினார். சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளவும் இசைந்தார். லீக்கின் பண விதிகள் இடங்கொடுக்கவில்லை என்று ஆகஸ்டு 5-இல் கழகம் அறிவித்துவிட்டது. ஆகஸ்டு 8-இல் பத்திரிகையாளர் முன் அவர் அழுதார். 10-இல் பாரிஸ் கழகத்தில் சேர்ந்தார். போக விரும்பியபோது தேதியைக் காட்டினார்கள், இருக்க விரும்பியபோது கணக்கைக் காட்டினார்கள். இத்தனைக்கும் பார்சிலோனா ஒரு தனி முதலாளியின் சொத்தல்ல. உறுப்பினர்களுக்குச் சொந்தமான கழகம். நிர்வாகம் என்று வந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான் போலும்.

கோர்ட்டுக்குப் போன ஒருவரையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஈஸ்தம் என்பவர் நியூகாசில் கழகத்தில் ஆடிவந்தார். அந்நாளில் ஆட்டக்காரனுக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் சம்பளம் கிடையாது. சங்கம் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்த பிறகே 1961 ஜனவரியில் அந்த வரம்பு ஒழிந்தது. அதைவிடக் கொடுமை, ஒப்பந்தம் முடிந்த பின்னும் கழகம் விடுவிக்காவிட்டால் ஆட்டக்காரன் வேறெங்கும் ஆட முடியாது. ஈஸ்தமின் குறைகளில் ஒன்று நம் காதுக்குப் பழக்கமானது: கழகம் கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்பது. 1960-இல் அவர் கையெழுத்துப் போட மறுத்தார்; பந்தை விட்டுவிட்டுத் தக்கை விற்கும் வேலைக்குப் போனார். அந்த ஆண்டிலேயே கழகம் இறங்கிவந்து, அவரை ஆர்சனல் கழகத்துக்கு 47,500 பவுனுக்கு விற்றது.

கேட்டது கிடைத்துவிட்டது, ஈஸ்தம் வழக்கை விட்டிருக்கலாம். விடவில்லை. ஆட்டக்காரர் சங்கம் செலவை ஏற்றுப் பின்னால் நின்றது. 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இப்படிப் பிடித்துவைக்கும் முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். ஈஸ்தம் கேட்ட பழைய சம்பளப் பாக்கி அவருக்குக் கிடைக்கவில்லை. பலன் பெற்றவர்கள் பின்னால் வந்த ஆட்டக்காரர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் மெஸ்ஸி ஒரு காசு மாற்றுத் தொகையில்லாமல் பாரிசுக்குப் போக முடிந்ததென்றால், அதற்கு 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்ற பெல்ஜியம் நாட்டுப் போஸ்மனும் ஒரு காரணம். மெஸ்ஸியைப்போல் புகழ் பெற்றவர்கள் அல்லர் இவர்கள்.

நம் நாட்டு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எப்படி முடித்துக்கொள்வது என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். அறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், 2 ஆண்டுக்குக் குறைந்தவருக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் இருப்பவருக்கு 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் இருப்பவருக்கு 8 வாரம். நம் தோழர்களில் எத்தனை பேர் தங்கள் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்?

கிராணிமார் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது ஒரு தாளை நீட்டி வாசித்துச் சொல்லக் கேட்டால், வேலை கிடக்கிறது, நாளைக்கு வா என்று அனுப்பிவிடாதீர்கள். தேதி இருக்கும் இடத்தில் அவர் விரலையே பிடித்து வைத்துக் காட்டுங்கள். மானேஜர் வாயால் ஒன்று சொன்னால், அவர் காரில் ஏறுமுன் அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மேசையில் வேறு தாள் இல்லையென்றால் கைதுடைக்கும் காகிதமானாலும் சரி.