அடுத்தவர் கைக்குப் போன பிறகு திருத்தாதீர்கள்

மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்று பதிந்துவைப்பார்கள். யார் மாற்றினார், எப்போது, எதற்காக என்ற குறிப்பு கூடவே இருக்கும். இந்தப் பதிவுகளை நிர்வகிக்க 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ கருவி, பழைய பதிவுகளுக்குத் திரும்பிப் போய்த் திருத்தவும் வழி வைத்திருக்கிறது. அப்படித் திருத்தலாமா என்பதில் நிரலாளர்களுக்குள் ஓயாத வழக்கு. பதிவு உங்கள் கணினியிலேயே இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துத் திருத்துங்கள், பகிர்ந்துவிட்டால் தொடாதீர்கள் என்பதே என் கட்சி. பதிவான பத்திரத்தில் பிழை தெரிந்தால் யாரும் அதைச் சுரண்டி எழுதுவதில்லை. பிழைத்திருத்தல் பத்திரம்தான் போடுகிறோம். கிட்டில் அந்த வேலைக்கு, பழைய மாற்றத்தை ரத்துசெய்யும் புதுக் கமிட்டைச் சேர்க்கும் ‘ரிவர்ட்’ இருக்கிறது.

இது வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு கமிட்டுக்கும் வழக்கமாக 40 எழுத்தில் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. முந்தைய கமிட்டின் குறியீட்டையும் சேர்த்துத்தான் அது கணக்கிடப்படுகிறது. பத்து கமிட்டுக்கு முந்தைய குறிப்பில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைச் சேர்த்தால்கூட, அதற்குப் பின்னால் வந்த அத்தனை கமிட்டும் புதுக் குறியீட்டோடு வேறு கமிட் ஆகிவிடும். பழைய சங்கிலியை நம்பி வேலை செய்துகொண்டிருந்த சக ஊழியர் அடுத்த நாள் இரண்டையும் இணைக்கும்போது, ஒரே மாற்றம் வரலாற்றில் இரண்டு தடவை வந்து நிற்கும். திருத்திய சங்கிலியைச் சர்வரில் ஏற்ற, அங்கிருப்பதை மேலெழுதும் ‘ஃபோர்ஸ் புஷ்’ வேண்டும். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தில் ஒருவர் தவறுதலாக அதைச் செய்ததில், கமிட்டுகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியங்கள் 180க்கும் மேல் பழைய நிலைக்குப் போயின. மீட்டுவிட்டார்கள், ஆனாலும் கைத்தவறுக்கு அத்தனை வீச்சு.

அப்படியானால் திருத்தவே கூடாது என்பவர்களும் உண்டு. எஸ்க்யூலைட் தரவுத்தள மென்பொருளை எழுதிய ரிச்சர்ட் ஹிப், கிட் போன்ற தன் ‘ஃபாசில்’ கருவியில் வரலாற்றை மாற்றி எழுதும் ‘ரீபேஸ்’ வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை. நடந்தது நடந்தபடியே இருக்கட்டும் என்பது அவர் வாதம். இதை நான் ஏற்கவில்லை. ஆயிரம் கமிட்டுக்குள் ஒளிந்த பிழையைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, ஏறக்குறைய பத்தே சோதனையில் பிடித்துவிடுகிறது கிட்டின் ‘பைசெக்ட்’. நடுநடுவே கம்பைலே ஆகாத அரைகுறைக் கமிட்டுகள் கிடந்தால் அந்தத் தேடல் தடுமாறும். பகிர்வதற்கு முன்பே அவற்றைத் திருத்திவிடுவது நல்லது. லினக்ஸ் கெர்னலிலும் ஒரு மாற்றம் இரண்டாம், மூன்றாம் பதிப்பு என்று சீர்பட்ட பிறகே உள்ளே போகிறது.

கடவுச்சொல் தவறிப்போய்க் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான விலக்கு. ஆனால் பிரதி எடுத்தவர்களின் கணினியில் அது அப்படியேதான் இருக்கும். ஆகவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது அப்புறம். கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலில் பகிர்ந்த பதிவைத் திருத்தப் போனால் கருவியே தடுக்கும். கிட்டில் அந்தத் தடையை நாமாகப் போட வேண்டும். உங்கள் முதன்மைக் கிளைக்கு இன்றே போட்டுவிடுங்கள்.