நாய்க் கண்காட்சியும் மனுசங்க அலம்பலும்

நாய்க் கண்காட்சிக்கு 'கண்காட்சி'ன்னு பேர் வெச்ச புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்கா. அவர்கூட எனக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கு. அந்த ஒரு வார்த்தையாலதான் நம்மாளுங்க அதைப் பொருட்காட்சி மாதிரி நெனச்சுக்கிட்டு, ஒரு கையில டெல்லி அப்பளம், இன்னொரு கையில செல்போன்னு கிளம்பி வந்துடறாங்க. ஊட்டியில மே மாச சீசன்ல மலர்க் கண்காட்சியும் நடக்கும், நாய்க் கண்காட்சியும் நடக்கும். ரோஜாவைப் பாத்த அதே மூடுல ராட்வீலரையும் பாக்க வர்றாங்க. ரோஜாவுக்கு பயமும் கிடையாது, பல்லும் கிடையாது. அவ்ளோதான் வித்தியாசம் :-)

அங்க நடக்கறது போட்டிங்க. இன்னும் சரியா சொன்னா, பரீட்சை. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதி வெச்ச இலக்கணம் ஒண்ணு இருக்கு. உயரம், தலை அமைப்பு, பல்வரிசை, நடை, ரோமம், குணம் எல்லாம் அதுல இருக்கும். நடுவர் அந்த இலக்கணத்தோட பொருத்திப் பாத்துதான் முடிவு சொல்றார். வாயைத் திறந்து பல்லு பாப்பார், உடம்பைத் தொட்டு எலும்புக்கட்டு பாப்பார், ஓட விட்டு நடை பாப்பார். எல்லாமே சில நிமிஷத்துல முடிஞ்சிரும். அந்த சில நிமிஷத்துக்காக வளக்கறவர் மாசக்கணக்கா பழக்கியிருப்பார். அந்த நேரம் பாத்து கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு "டேய் டைகர்... இங்க பாரு, இங்க பாரு"ன்னு விசிலடிக்கறவரை என்ன பண்ணலாம்? பரீட்சை எழுதற உங்க புள்ளையை ஜன்னல் வழியா ஒருத்தன் கூப்ட்டா சும்மா விடுவீங்களா?

"டிக்கெட் வாங்கித்தானே வந்தோம், தொட்டுப் பாத்தா என்ன கொறஞ்சு போச்சு?"ங்கறது அடுத்த வாதம். அண்ணாத்தே, கச்சேரிக்கும்தான் டிக்கெட் வாங்கறோம். அதுக்காக மேடையேறி மிருதங்கத்துல ரெண்டு தட்டு தட்டுவீங்களா? டிக்கெட் பாக்கறதுக்கு மட்டும்தான். தொடணும்னா வளக்கறவர்கிட்ட கேக்கணும். அவர் வேணாம்னா வேணாம்தான். அதுல அவமானப்பட ஒண்ணுமே இல்லை. குளிப்பாட்டி, சீவி, முடி வெட்டி ரிங்குக்கு தயாரா நிக்கற பூடிலை அப்பளம் தின்ன கையோட தடவினா, காலையில இருந்து பண்ணின வேலை மொத்தமும் காலி.

இதைவிட ஆபத்தான வசனம் ஒண்ணு இருக்கு: "வாலாட்டுது சார், ஒண்ணும் பண்ணாது."

வாலாட்டினா எப்பவும் சந்தோஷம்னு அர்த்தம் கிடையாது. உடம்பு விறைச்சு, வாலைத் தூக்கி வெடுக் வெடுக்னு ஆட்டுச்சுன்னா அது எச்சரிக்கையாக்கூட இருக்கலாம். தூக்கம் வராமலே கொட்டாவி விடறது, சும்மா சும்மா உதட்டை நக்கறது, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரிய ஓரப்பார்வை பாக்கறது... இதெல்லாம் 'என்னை விட்டுருங்கப்பா'ன்னு நாய் பாஷையில போடற மனு. மனுவைக் கிழிச்சுப் போட்டா அடுத்தது உறுமல். அதுக்கும் அடுத்தது பல்லு. கடி வாங்கின குழந்தைக்கு தையலும் ஊசியும். கடிச்ச நாய்க்கு வெறிநாய்ங்கற பட்டம். போட்டோவுக்காக குழந்தையை நாய் மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்ச அப்பாவுக்கு? ஒண்ணும் கிடையாது. "நாய் வளக்கறவங்க பாத்து வளக்க வேணாமா?"ன்னு அவர்தான் முதல்ல கத்துவார்.

அப்புறம் ஒரு கோஷ்டி. போட்டிக்குப் பேரே குடுக்காம, வீட்டுல இருக்கற ரெண்டு மாசக் குட்டியை 'ஊருக்குக் காட்டலாமே'ன்னு இடுப்புல இடுக்கிக்கிட்டு வர்றவங்க. ஐயா சாமிகளா, குட்டிக்கு தடுப்பூசி ஒண்ணோட முடியறதில்லை. ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, நாலு மாசம் வரைக்கும் தவணை தவணையா போடணும். நூத்துக்கணக்கான நாய் நடக்கற மைதானத்துல பார்வோ வைரஸ் இருந்தா அது மாசக்கணக்குல மண்ணுல உயிரோட கிடக்கும், செருப்புல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும். ரத்தபேதியா போயி குட்டி ரெண்டு மூணு நாள்ல செத்துரும். ஊருக்குக் காட்டற ஆசைக்கு விலை அந்தக் குட்டியோட உயிர்.

நாயை கார்ல பூட்டிட்டு வேடிக்கை பாக்க வர்ற மகராசன்களுக்கு தனியா ஒரு கும்புடு. வெயில்ல நிக்கற காருக்குள்ள பத்தே நிமிஷத்துல சுமார் 10 டிகிரி ஏறிரும். மனுசன் மாதிரி உடம்பெல்லாம் வேர்த்துக் குளிர நாயால முடியாது, மூச்சிரைச்சுதான் சூட்டை வெளிய தள்ளணும். 2003ல வந்த ஹட்ச் விளம்பரத்துக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு வாங்கினோமே பக், அந்த சப்பை மூக்குக்காரனுக்கு அதுவும் ஒழுங்கா முடியாது.

"இந்த எட்டிக்கெட்டெல்லாம் வெள்ளைக்காரன் பந்தா"ன்னு சிலர் சொல்றாங்க. நாய்ப் போட்டி வெள்ளைக்காரனோட வந்ததுதான், ஒத்துக்கறேன். கென்னல் கிளப் ஆஃப் இண்டியா தொடங்கினதே 1896ல. ஆனா 'கேக்காம தொடாதே'ங்கறது யாரோ சீமையில இருந்து கொண்டு வந்த பாடமா? ஜல்லிக்கட்டுக் காளையை வாடிவாசலுக்குக் கொண்டு போறப்ப எவனாவது பின்னாடி போயி வாலைப் பிடிச்சு இழுத்துப் பாப்பானா? மாட்டுக்காரர் விடுவாரா? அந்த மரியாதை நாய்க்கு மட்டும் ஏன் இல்லை?

இதுல அதிகமா அடி வாங்கறது நம்ம ஊரு நாயிங்கதான்ங்கறதுதான் என் வயித்தெரிச்சல். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளந்த இனங்க. லாப்ரடார் மாதிரி போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் குழையாது. 2005ல தபால்துறை ராஜபாளையத்துக்கு தபால்தலையே போட்டுச்சு. ஆனா தென்மாவட்டத்துல இருந்து ராத்திரி பூரா வண்டியில வந்த ஒரு கன்னியைச் சுத்தி இருபது பேர் செல்போனோட நின்னா, அது மிரளாம என்ன செய்யும்? மிரண்டு போயி ரிங்குல பம்மினா மார்க் போச்சு. சீறினா வெளிய அனுப்பிடுவாங்க. ஆக்ரோஷமோ அளவு மீறின பயமோ தெரிஞ்சா தகுதி நீக்கம்னு எஃப்சிஐ இலக்கணங்கள்லயே எழுதியிருக்கு. கூட்டம் பண்ணின தப்புக்கு நாய் தோக்கும். அப்புறம் அதே கூட்டம் "நாட்டு நாய்ங்க கடிக்கும் சார், பழக்க முடியாது"ன்னு தீர்ப்பு எழுதும்.

நாயோட வர்றவங்களும் ஒண்ணும் உத்தமர்கள் இல்லை. தோத்ததும் சங்கிலியைச் சுண்டி இழுத்து நாயைத் திட்டறது, 'நடுவரை விலைக்கு வாங்கிட்டாங்க'ன்னு புலம்பறது, நாய் போனதை அள்ளாம நைசா நகர்றது... எல்லாம் நடக்குது. அந்த நாய்க்கு தான் தோத்ததே தெரியாதுங்க. நீங்க கோவமா இருக்கீங்கன்னு மட்டும்தான் தெரியும்.

நான் கேக்கறது ரொம்பக் கொஞ்சம். கயித்துல சாயாதீங்க. தீனி காட்டாதீங்க. ஃபிளாஷ் போடாதீங்க. கேட்டுட்டுத் தொடுங்க. கைதட்டணும்னா தோத்தவனுக்கும் சேத்து தட்டுங்க. இவ்வளவையும் ஒரு நாயே ஆறு மாசத்துல கத்துக்குது. நமக்கு எத்தனை வருஷம் வேணும்?

டிஸ்கி: "இந்த நாய் என்ன விலை?"ன்னு ரிங் வாசல்ல நின்னு கேக்கறவங்களைப் பத்தி தனிப்பதிவே போடணும். இன்னிக்கு பி.பி. ஏத்திக்க விருப்பமில்லை :-)