ஊசி பிடித்த கைகள்

‘தம் முயற்சி ஒன்றாலேயே உயர்ந்தவர்’ என்னும் புகழுரையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதனைச் சற்றே ஆராய்தல் நன்று.

ஸ்பெயின் நாட்டில் 1936ஆம் ஆண்டு, இரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அமான்சியோ ஒர்த்தேகா. தம் அன்னைக்கு மளிகைக் கடைக்காரர் கடன் தர மறுத்ததைக் கேட்டதே அவர் பள்ளியைத் துறக்கக் காரணமாயிற்று என்பர். கலீசியா மாநிலத்து லா கொருன்யா நகரில், சட்டைக் கடையொன்றின் சிற்றாளாக வாழ்வைத் தொடங்கினார். 1963இல் மகளிர்க்கான வீட்டு அங்கிகள் தைக்கும் சிறுதொழிலை நிறுவினார். 1975இல் ‘ஜாரா’ என்னும் கடையைத் திறந்தார். மக்கள் விரும்புவதைக் கடைகளின் வாயிலாக உடனுக்குடன் அறிந்து, சில வாரங்களிலேயே தைத்து அனுப்பியதே அவரது வெற்றியின் நுட்பம்.

ஆயின், தைத்த கைகள் யாருடையவை? அத்தொழிலில் உடனுழைத்து அவருக்கு வாழ்க்கைத் துணையுமான ரொசாலியா மேரா, 11 வயதில் பள்ளியை விட்டுத் தையல் வேலைக்கு வந்தவர். கலீசியச் சிற்றூர்ப் பெண்கள் பலர் கூட்டுறவுக் குழுக்களாக இணைந்து அவ்வாடைகளைத் தைத்தனர். ஒர்த்தேகாவின் பெயரை உலகறியும். அப்பெண்களின் பெயர்களை யாரறிவார்?

ஒர்த்தேகாவின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கடைச் சிற்றாளின் கூர்மதி போற்றத்தக்கதே. எனினும், பலர் சேர்ந்து ஈட்டிய வெற்றியை ஒருவர் பெயரில் மட்டும் எழுதுதல் அறமாகாது என்பதே நம் கருத்து.

மாணவ நண்பர்களே! நாளை நீங்களும் உயர்வீர்கள். அன்று உங்களுடன் உழைத்தோரைப் பெயர் சொல்லி நினையுங்கள். அந்நன்றியை அவர்தம் கூலியிலும் காட்டுங்கள்.